மேலே மலை இல்லை, கீழே ஆறு இல்லை

மலேசியாவின் குனோங் லெடாங் மலை அடிவாரத்தில், ஓடைக்குள் முழங்கால் அளவு தண்ணீரில் நின்றுகொண்டு, அக்கா மகள் ஒரு ஜாம் பாட்டிலைக் கண்ணுக்கு நேராகத் தூக்கிப் பிடித்திருந்தாள். பாட்டிலில் பாதி ஓடைத் தண்ணீர். அடியில் மஞ்சளும் பழுப்புமாகக் கோடு போட்ட ஒரு பூச்சி, அவளுடைய சுண்டுவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிது. இரண்டு நிமிடம் அசையாமல் கிடந்தது. அப்புறம் ஆறு காலையும் ஊன்றி உடம்பைத் தூக்கியது, இறக்கியது, மறுபடி தூக்கியது.

“மாமா, இது புஷ்-அப் எடுக்குது!”

அப்படித்தான் இருந்தது. தேசிய சேவையில் நான் எடுத்ததைவிட ஒழுங்காகவே எடுத்தது. போகப் போக வேகமும் கூடியது. “விட்டுடும்மா, அதுக்கு மூச்சு முட்டுது” என்றேன். எந்தக் கல்லின் அடியில் எடுத்தாளோ அதே கல்லடியில் விட்டாள். ஒரு நொடியில் காணாமல் போய்விட்டது.

அந்த உடற்பயிற்சிக்குக் காரணம் மூச்சுத்திணறல்தான். ஓடும் தண்ணீரில் வாழ்ந்து பழகிய பூச்சி அது. ஓடையில் இருக்கும்வரை புதுத் தண்ணீர் தானாக வந்து அதன் செவுள்களைத் தடவிவிட்டுப் போகும். அது கல்லை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தால் போதும். பாட்டிலுக்குள் தண்ணீர் நின்றுவிட்டது. உடம்பை ஒட்டியிருந்த ஆக்சிஜன் குறையத் தொடங்கியதும், தண்ணீர் நம்மிடம் வராவிட்டால் நாமே தண்ணீரைக் கலக்கிக்கொள்வோம் என்று இறங்கிவிட்டது. இத்தனைக்கும் பாட்டிலில் இருந்தது அதே ஓடைத் தண்ணீர்தான். கண்ணாடி மாதிரி தெளிவு. ஒரு அழுக்கும் இல்லை. ஓடவில்லை, அவ்வளவுதான்.

சுத்தமான தண்ணீர் வேறு, இந்தப் பூச்சி வாழக்கூடிய தண்ணீர் வேறு. குழாயைத் திறந்தால் அப்படியே குடிக்கலாம் என்று பெருமைப்படுகிற சிங்கப்பூரில் இருப்பவர்களுக்கு இந்த வித்தியாசம் சட்டென்று பிடிபடாது. எனக்கும் பிடிபடவில்லை.

ஆங்கிலத்தில் இதற்கு ஸ்டோன்ஃபிளை என்று பெயர். பூச்சியியலில் பிளெக்காப்டெரா என்ற வரிசை. கிரேக்கத்தில் பின்னல் சிறகு என்று பொருள், இறக்கை நரம்புகள் பின்னல் போலத் தெரிவதால். கல்லுக்கு அடியில் வாழ்வதால் இங்கே கல்லடிப் பூச்சி என்று சொல்லிக்கொள்கிறேன். ‘கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாது’ என்ற பழமொழி உங்களுக்கு நினைவு வந்தால் அதற்கு நான் பொறுப்பில்லை. உலகம் முழுக்க 3,500-க்கும் மேற்பட்ட இனங்கள் உண்டு. குளிர்நாட்டு மலையோடைகளில்தான் வகை அதிகம். வெப்ப ஆசியாவில் ஆதிக்கம் பெர்லிடே என்ற குடும்பத்துக்கு. அதிலும் நியோபெர்லா என்ற பேரினம் மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து மலாய்த் தீபகற்பம், போர்னியோ வரை பரவியிருக்கிறது. பெர்லிடே இளம்பூச்சிகள் வேட்டையாடிகள்.

ஓடைக் கல்லைப் புரட்டினால் இது தனியாக அகப்படாது. பக்கத்திலேயே மேஃபிளை என்ற இன்னொரு நீர்ப்பூச்சியின் இளம்பூச்சிகளும் ஒட்டிக்கொண்டிருக்கும். முதல்முறை பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றாகத்தான் தெரியும். வாலைப் பார்க்க வேண்டும். மேஃபிளைக்குப் பெரும்பாலும் மூன்று, கல்லடிப் பூச்சிக்கு எப்போதும் இரண்டு. சில மேஃபிளைகளுக்கும் இரண்டே வால் என்பதால் காலையும் பார்த்துவிடுவது நல்லது: கால் நுனியில் மேஃபிளைக்கு ஒரு நகம், இதற்கு இரண்டு. இன்னும் நிச்சயமாகத் தெரிய வேண்டுமென்றால் செவுள். மேஃபிளைக்கு அது வயிற்றின் இரு பக்கமும் இலை போல அசையும். பெர்லிடேவுக்கோ கால்கள் உடம்போடு சேரும் இடத்தில், நம் அக்குளில் பஞ்சை அடைத்து வைத்தது போல, வெள்ளையாகக் கொத்துக் கொத்தாக இருக்கும். புஷ்-அப் எடுக்கும்போது தண்ணீர் அலசுவது அந்தப் பஞ்சைத்தான்.

இதன் இரத்தத்திலும் ஒரு விசேஷம் உண்டு. பூச்சிகளின் இரத்தத்தில் ஆக்சிஜனைத் தூக்கிச் செல்லும் பொருள் தேவையில்லை, காற்றுக் குழாய்களே உடம்பு முழுக்கக் காற்றைக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும் என்றுதான் நெடுங்காலம் பாடப் புத்தகங்களில் இருந்தது. 2004-இல் ஐரோப்பாவின் பெர்லா மார்ஜினாட்டா என்ற கல்லடிப் பூச்சியில் ஹீமோசயனின் இருப்பதை ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். நம் இரத்தத்தில் இரும்பு செய்யும் வேலையை அதில் செம்பு செய்கிறது. ஆக்சிஜன் ஏறினால் நீலமாகும். நண்டுக்கும் இறாலுக்கும் இருப்பது அதே பொருள்தான். மற்ற பூச்சிகள் பெரும்பாலும் கைவிட்டுவிட்ட பழைய சொத்தை இந்தக் கூட்டம் விற்காமல் வைத்திருக்கிறது. நண்டு என்று சொன்னதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

இவ்வளவு ஏற்பாடு எதற்கு? கணக்கு எளிது. தண்ணீர் சூடாகச் சூடாக அதில் கரையும் ஆக்சிஜன் குறையும். 10 டிகிரியில் ஒரு லிட்டருக்கு ஏறக்குறைய 11 மில்லிகிராம் கரையும். 30 டிகிரியில் 7.6-தான். அதே நேரம் சூடு ஏற ஏற பூச்சியின் உடம்பு கேட்கும் ஆக்சிஜன் கூடும். வரவு குறைகிறபோது செலவு ஏறுகிறது. குளிர்நாட்டு ஓடையில் இதைச் சமாளிக்கக் குளிரே போதும். நம் வட்டாரத்தில் அந்த வசதி கிடையாது. இங்கே அந்தக் குறையை ஈடுகட்டுவது ஓட்டமும் நிழலும்தான். தண்ணீர் கல்லில் மோதி நுரைத்து விழும்போது காற்றை வாரிக்கொள்கிறது. மேலே மரக்கூரை இருந்தால் வெயில் இறங்காது. காட்டுக்குள்ளே ஓடும் ஓடையில் கைவிட்டால் சில்லென்று இருப்பதும், அதே தண்ணீர் வெட்டவெளிக் கால்வாயில் வெதுவெதுப்பாவதும் கைக்கே தெரியும்.

சரி, சாப்பாட்டுக்கு வருவோம். இளம்பூச்சி இரவில்தான் அதிகம் நடமாடும். நீண்ட உணர்கொம்புகளால் கல்லைத் துழாவிக்கொண்டே போகும். எதிரில் உயிருள்ளது எதாவது தட்டுப்பட்டால் பாய்ந்து பிடிக்கும். மேஃபிளை, மிட்ஜ் பூச்சிகளின் புழுக்கள், தன்னைவிடச் சின்ன எதுவும் அதற்கு இரைதான். குளிர்நாட்டுப் பெரிய இனங்கள் இப்படி இரண்டு மூன்று ஆண்டுகள் தண்ணீருக்குள் கழிக்கும். நம் வெப்பத்தில் காலம் குறைவு. பத்து, இருபது முறை சட்டை உரித்த பிறகு ஓர் இரவில் கல்மேல் ஏறி, கடைசிச் சட்டையை அங்கேயே விட்டுவிட்டு, இறக்கையோடு போய்விடும். அந்தக் காலிச் சட்டையை ஓடைப் பாறைகளில் நீங்களும் பார்த்திருக்கலாம். முதுகு பிளந்து, கால்கள் இன்னும் பாறையைப் பற்றியபடி இருக்கும். வளர்ந்த பூச்சி சில நாள் அல்லது சில வாரம்தான் வாழும். பெர்லிடேயில் பலவும் அப்போது சாப்பிடுவதே இல்லை. இளமையில் புலி, முதுமையில் விரதம். வடகோளத்து இனங்கள் பலவற்றில் ஆண் தன் வயிற்று நுனியால் கிளையைத் தட்டும். பக்கத்தில் பெண் இருந்தால் பதிலுக்குத் தட்டும். காற்றில் கேட்கும் ஓசை இல்லை இது, மரத்தின் வழியாகக் காலுக்கு வந்து சேரும் அதிர்வு.

இந்த வேட்டையாடியைப் பற்றி நான் படித்ததில் மறக்க முடியாதது ஒரு கோந்து விஷயம். அமெரிக்காவின் கொலராடோ மலையோடைகளில் பார்பரா பெக்கார்ஸ்கியும் சகாக்களும் செய்த சோதனை, 1993-இல் வெளியானது. கல்லடிப் பூச்சிகளின் வாயைக் கோந்து போட்டு ஒட்டிவிட்டார்கள். கடிக்க முடியாது, ஒன்றையும் தின்ன முடியாது. நடமாட மட்டும் முடியும். அவற்றை மேஃபிளை இளம்பூச்சிகளோடு சேர்த்து வளர்த்தார்கள். ஒரு மேஃபிளையைக்கூட இவற்றால் தின்றிருக்க முடியாது. ஆனாலும் அந்த மேஃபிளைகள் வளர்ச்சி குன்றின, முட்டையும் குறைந்தது. ஏன்? பக்கத்தில் பகைவன் உலாவுகிறான் என்று தெரிந்தால் மேஃபிளை நிம்மதியாக மேயாது. அடிக்கடி கல்லை விட்டுவிட்டு ஓட்டத்தோடு போகும், ஒளியும், பயந்து பயந்து தின்னும். மேஃபிளையும் வளர்ந்த பிறகு சாப்பிடாத ஜீவன். இளமையில் தின்றதுதான் முட்டையாக மாற வேண்டும். ஆக, வேட்டையாடி வாயைத் திறக்காமலேயே அடுத்த தலைமுறையின் எண்ணிக்கையைக் குறைத்துவிடுகிறது. மேயும் பூச்சிகள் குறைந்தால் கல்மேல் பாசி படியும் கணக்கும் மாறும். ஒரு சுண்டுவிரல் நகத்து மிருகம் இருக்கும் ஓடையும் இல்லாத ஓடையும் ஒரே ஓடை இல்லை என்பது இதனால்தான்.

இது ஏன் அரிது? பாதிக் காரணம் அதன் தொழிலிலேயே இருக்கிறது. எந்தக் காட்டிலும் மானைவிடப் புலி குறைவு. ஓடையிலும் அதே விதி. மீதிப் பாதி, அது கேட்கும் நிபந்தனைகள். ஒன்றிரண்டு இருந்தால் போதாது, அத்தனையும் ஒரே நேரத்தில் வேண்டும், ஆண்டு முழுக்க வேண்டும். கல்லுக்கும் கல்லுக்கும் இடையில் சந்து வேண்டும். பக்கத்தில் மண் தோண்டி ஒரு மழையில் சேறு வந்து சந்தை அடைத்தால் தண்ணீர் நல்ல தண்ணீராகவே இருந்தாலும் பூச்சிக்கு வீடு போய்விடும். ஆய்வகத்துக்குப் போகும் ஒரு பாட்டில் தண்ணீர் அது எடுக்கப்பட்ட அந்த நிமிடத்தைத்தான் காட்டும். கல்லடியில் ஒரு முதிர்ந்த இளம்பூச்சி இருக்கிறது என்றால், அது முட்டையிலிருந்து வந்த நாள் தொட்டு ஓர் இரவுகூட அங்கே தண்ணீர் கெடவில்லை என்று அர்த்தம்.

பிரிட்டனில் 1980 வாக்கில் வந்த மதிப்பெண் முறை ஒன்று இதைத்தான் பயன்படுத்திக்கொண்டது. ஓடையில் எந்தெந்தப் பூச்சிக் குடும்பம் இருக்கிறது என்று பார்த்து ஒவ்வொன்றுக்கும் ஒன்று முதல் பத்து வரை மதிப்பெண் போடுவார்கள். பெர்லிடேவுக்குப் பத்து. சேற்றுப் புழுக்களுக்கு ஒன்று. மிட்ஜ் குடும்பத்துக்கு இரண்டு. சிங்கப்பூரில் பிடோக், பாண்டான் நீர்த்தேக்கங்களின் பக்கத்தில் குடியிருப்பவர்களுக்கு மிட்ஜை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. கொசு மாதிரி இருக்கும், கடிக்காது, ஆனால் மாலையில் விளக்கைப் போட்டால் சுவர் முழுக்க அதுதான். குளிர்நாட்டு மதிப்பெண்ணை அப்படியே இங்கே கொண்டுவந்தால் சரிவராது என்பதால், சிங்கப்பூர் ஓடைகளுக்கும் கால்வாய்களுக்கும் என்றே சிங்ஸ்கோர் என்ற அளவுகோல் உருவாக்கப்பட்டு 2014-இல் ராஃபிள்ஸ் விலங்கியல் இதழில் வெளியானது. அதுவும் கல்லடியில் யார் குடியிருக்கிறார்கள் என்று கேட்டுத்தான் ஓடையின் உடல்நலத்தைச் சொல்கிறது.

அரிதானது என்று நாம் சொல்வதில் கண்ணுக்குப் படாததும் கலந்திருக்கிறது. இசோஜீனஸ் நுபெகுலா என்ற வேட்டையாடி, பிரிட்டனில் 1995-க்குப் பிறகு யார் கண்ணிலும் படவில்லை. அழிந்துவிட்டது என்றே பலரும் முடிவுகட்டிவிட்டார்கள். 2017-இல் வேல்ஸின் டீ ஆற்றில் அகப்பட்டது. 22 ஆண்டு அங்கேயேதான் இருந்திருக்கிறது. அதன்பின், ஆற்றுத் தண்ணீரை மொண்டு அதில் மிதக்கும் டி.என்.ஏ. துணுக்குகளை வைத்தே அதைத் தேடும் முறையையும் செய்து பார்த்தார்கள். இது ஊற்றோடைப் பூச்சி இல்லை, அகலமான ஆற்றுப் பூச்சி. எஞ்சியிருப்பது ஒரே ஓர் ஆறு என்றாலும் ஆறு நீளமானது, ஒளிந்துகொள்ள இடம் இருந்தது.

ஊற்றோடைக்காரர்களுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. ஊற்றோடை என்று நான் சொல்வது மலைச்சரிவில் தண்ணீர் கசிந்து முதன்முதலாக ஓடையாகும் இடத்தை, தாண்டிக் குதித்துவிடக்கூடிய அகலத்தில் இருப்பதை. அமெரிக்காவின் மொன்டானாவில், பனிப்பாறை உருகி வரும் ஓடைகளில் லெட்னியா டுமானா என்றொரு கல்லடிப் பூச்சி இருக்கிறது. வேட்டையாடி இல்லை, ஆனால் அதன் சிக்கல் பாடமாக வைக்கக்கூடியது. சூடு ஏறினால் குளிர் தேடி மேலே போகலாம். மேலே போகப் போகப் பனிப்பாறை, பனிப்பாறை கரைந்துகொண்டிருக்கிறது, அதற்கு மேல் வானம்தான். 2019-இல் அந்நாட்டு அரசு அதை அச்சுறுத்தலில் உள்ள இனமாகப் பட்டியலிட்டது.

இனி நம் தீவு. ஜாம் பாட்டில் எடுத்துக்கொண்டு நாங்கள் போன குனோங் லெடாங் 1,276 மீட்டர். சிங்கப்பூரின் ஆக உயரமான குன்று, புக்கிட் தீமா, 163 மீட்டர். அரசு கட்டிய வீவக அடுக்குமாடிகளில் கிட்டத்தட்ட அதற்குச் சமமாக நிற்கக்கூடியவை இருக்கின்றன. லெடாங்கில் ஓர் ஓடை கெட்டால் பூச்சிக்கு அடுத்த ஓடை உண்டு, அதற்கு மேலே ஓடை உண்டு. இங்கே அப்படி ஏறிப் போக எதுவுமில்லை. அது எல்லோருக்கும் தெரிந்த கதை, சின்னத் தீவு. எனக்குப் புதிதாகத் தோன்றியது கீழ்ப்பக்கம்தான்.

ஓடைப் பூச்சிகள் ஓர் இடத்தில் நிலையாக இருப்பதில்லை. வெள்ளம் வந்தால் பிடி நழுவும். பகைவனைக் கண்டால் தானே பிடியை விடும். எப்படியும் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழ்நோக்கிப் போய்க்கொண்டேதான் இருக்கும். அப்படியானால் ஓடைத் தலையில் பூச்சியே மிஞ்சக்கூடாதே? 1954-இல் கார்ல் முல்லர் என்ற ஆய்வாளர் ஒரு விடை சொன்னார்: இளமையில் கீழே அடித்துக்கொண்டு போனது, இறக்கை முளைத்ததும் ஓடையோரமாகவே மேல்நோக்கிப் பறந்துபோய் முட்டையிடுகிறது, இப்படி ஒரு சுற்று. எல்லா ஓடைக்கும் இது பொருந்துமா என்று இன்னும் சண்டை போடுகிறார்கள். ஆனால் சுற்று நடக்க வேண்டுமென்றால் கீழே போனது உயிரோடு இருக்க வேண்டும், அதில் சண்டை இல்லை. லெடாங்கில் நூறு மீட்டர் கீழே அடித்துப்போன இளம்பூச்சி இன்னொரு கல்லைப் பிடித்துக்கொள்ளும். சிங்கப்பூரில் அதே நூறு மீட்டரில் ஓடை ஒன்று நீர்த்தேக்கத்தில் விழும், அல்லது லோங்காங் எனப்படும் வடிகாலில் விழும்.

நீர்த்தேக்கம் என்றால் நின்ற தண்ணீர். மீண்டும் ஜாம் பாட்டில். லோங்காங் என்றால் சிமெண்டு, வெயில், கல் இல்லாத வழவழப்பு. மழை நின்று அரை மணியில் கணுக்கால் அளவுக்கு வற்றும், அடுத்த மழையில் ஆளையே அடித்துப்போகும். இரண்டிலும் தண்ணீர் மோசமில்லை. தீவின் மூன்றில் இரண்டு பங்கு நிலத்தில் விழும் மழை 17 நீர்த்தேக்கங்களுக்குப் போய், சுத்திகரிக்கப்பட்டு நம் குழாய்க்கு வருகிறது. மாசு கலக்க விடாமல் அந்த வழி முழுக்கக் கண்காணிப்பு. மனிதனுக்குக் குடிக்கக் கொடுக்க அது மிக நல்ல ஏற்பாடு.

இதில் ஒரு முரணும் இருக்கிறது. தீவின் நடுவே இன்று இவ்வளவு காடாவது மிஞ்சியிருக்கக் காரணம் குடிநீர்தான். 1860களின் இறுதியில் மெக்ரிட்சி நீர்த்தேக்கம் வந்தது. நீர்த்தேக்கத்தைச் சுற்றி மரம் வெட்டினால் தண்ணீர் கெடும் என்பதால் சுற்றியிருந்த காட்டைத் தொடாமல் வைத்தார்கள். மற்ற இடமெல்லாம் காம்பீர், மிளகு, ரப்பர்த் தோட்டங்களாகப் போனது. 1819-க்குப் பிறகு தீவின் இயற்கை வாழிடத்தில் 95 விழுக்காட்டுக்கும் மேல் போய்விட்டது என்று 2003-இல் நேச்சர் இதழில் வந்த ஆய்வு சொன்னது. மிஞ்சிய காட்டை நீர்த்தேக்கம் காப்பாற்றியது. காப்பாற்றிய கையோடு அந்தக் காட்டு ஓடைகளின் கீழ்ப்பாதியைத் தனக்குள் முக்கிவிட்டது. தாழ்வாரத்தைக் காத்தவர் முற்றத்தை எடுத்துக்கொண்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். குறையாகச் சொல்லவில்லை. அன்று வேறு எந்தக் காரணம் சொல்லியிருந்தாலும் அந்தக் காடு நின்றிருக்காது.

மேலும் கீழும் இப்படி அடைபட்ட ஓடையில் குடியிருப்பவருக்கு என்ன ஆகும் என்பதைச் சிங்கப்பூரில் நன்றாகப் பதிவுசெய்து காட்டியிருப்பது பூச்சி இல்லை, ஒரு நண்டு. ஜோஹோரா சிங்கபொரென்சிஸ். 1986-இல் விலங்கியலாளர் பீட்டர் இங் இதைத் தனி இனமாக விவரித்தார். உலகில் வேறெங்கும் கிடையாது; புக்கிட் தீமா, அதன் மேற்கே புக்கிட் பாத்தோக், புக்கிட் கொம்பாக் பக்கத்துச் சில ஓடைகள், அவ்வளவுதான் அதன் உலகம். ஓடு மூன்று சென்டிமீட்டரைத் தாண்டாது. பகலில் கல்லடியில், இரவில் வெளியே. கல்லடிப் பூச்சிக்கு இருக்கும் அதே நீல இரத்தம்; கேட்பதும் ஏறக்குறைய அதே வீடுதான்: கல், நிழல், ஓடும் தண்ணீர். கடல் நண்டின் குஞ்சு அலையில் மிதந்து ஊர் ஊராகப் போகும். நன்னீர் நண்டுக்கு அந்தக் கட்டம் கிடையாது. முட்டையிலிருந்து வெளிவருவதே குட்டி நண்டாக. தாய் நடந்த ஓடையில்தான் பிள்ளையும் நடக்க வேண்டும். இறக்கையும் இல்லை. ஒரு சரிவின் ஓடைக்கும் அடுத்த சரிவின் ஓடைக்கும் நடுவில் ஒரு விரைவுச்சாலை இருந்தால் கதை முடிந்தது.

புக்கிட் தீமாவில் முதன்முதலாக அது கண்டெடுக்கப்பட்ட ஓடையிலேயே பின்னால் எண்ணிக்கை சரிந்தது. தண்ணீரில் அமிலத்தன்மை கூடியது ஒரு காரணமாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் சந்தேகிக்கிறார்கள். வனப்பகுதி, வேலி உண்டு, குப்பை இல்லை, தண்ணீர் பளிங்கு. நண்டுக்குத்தான் தெரிந்தது. 2012-இல் உலகின் மிக அதிக அச்சுறுத்தலில் உள்ள 100 இனங்களின் பட்டியலில் இதுவும் ஏறியது. தேசியப் பூங்காக் கழகமும் தேசியப் பல்கலைக்கழகமும் விலங்கியல் தோட்டத்துக்காரர்களும் சேர்ந்து, செயற்கைச் சூழலில் குஞ்சு பொரிக்கவைத்து, பொருத்தமான வேறு ஓடையில் விட்டுப் பார்க்கும் வேலையில் இறங்கினார்கள். நண்டால் நடந்து போக முடியாத தூரத்தை மனிதர்கள் வாளியில் தூக்கிக்கொண்டு கடக்கிறார்கள்.

அமிலம் என்றதும் எல்லாம் கெட்டது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. நீ சூன் பக்கம், தீவில் மிஞ்சியிருக்கும் ஒரே பெரிய நன்னீர்ச் சதுப்புக் காட்டில் தண்ணீர் தே ஓ நிறத்தில், அதாவது பால் கலக்காத தேநீர் நிறத்தில் இருக்கும். இலை ஊறி ஊறி வந்த நிறம், இயல்பாகவே அமிலம். கண்ணால் பார்த்தால் யாரும் சுத்தம் என்று சொல்லமாட்டார்கள். அங்கே பாராதெல்ஃபூசா ரெட்டிகுலாட்டா என்ற இன்னொரு நண்டு, அதுவும் சிங்கப்பூருக்கே உரியது, அந்தத் தே ஓ-வில்தான் வாழ்கிறது. ஒரு நண்டின் சொர்க்கம் இன்னொரு நண்டுக்கு ஆகாது. இரண்டு ஓடைக்கும் இடையே சில கிலோமீட்டர்தான்.

ஆற்றைச் சரிசெய்துவிட்டோமே, பீஷான் பூங்காவில் எவ்வளவு அழகாக இருக்கிறது என்று கேட்பீர்கள். அழகுதான். காலாங் ஆற்றின் 2.7 கிலோமீட்டர் நேர்க்கோட்டுச் சிமெண்டுக் கால்வாயை உடைத்து, வளைந்து நெளிந்து போகும் மூன்று கிலோமீட்டருக்கு மேற்பட்ட ஆறாக மாற்றினார்கள், 2012-இல் திறந்தார்கள். நீர்நாய்கள் வந்தன, நாரை வந்தது, சனிக்கிழமை காலையில் பாதி அங் மோ கியோ வட்டாரமும் வருகிறது. ஆனால் நீர்நாய் வந்த கதை வேறு. அது நீந்தும், ஜோகூர் நீரிணையைத் தாண்டும், தேவைப்பட்டால் சாலையோரமாகக் குடும்பத்தோடு நடந்தும் போகும். மீன் இருந்தால் போதும், கால்வாயா ஆறா என்று பார்க்காது. கல்லடிப் பூச்சி வளர்ந்த பிறகும் பறப்பதில் கெட்டிக்காரன் இல்லை. ஓடையோரச் செடியை விட்டுத் தூரம் போகாது. விளக்கு வெளிச்சத்தைக் கண்டால் மயங்கி அங்கே போகும் பழக்கம் வேறு. அதற்கு இருப்பது சில நாள் ஆயுள். ஊற்றோடையையும் பீஷானையும் நடுவில் ஒரு நீர்த்தேக்கமும் ஒரு நகரமும் பிரிக்கின்றன. கரையில் புல் நட்டுவிட்டால் நீர்நாயைக் கூப்பிட்டுவிடலாம். கல்லடியில் குடியிருப்பவர்களைக் கூப்பிட, மேலேயிருந்து கீழே வரை அறுபடாத நிழலும் ஓட்டமும் வேண்டும்.

லெடாங் போய்வந்த சில வாரம் கழித்து அக்கா மகளோடு புக்கிட் தீமா ஏறினேன். இறங்கும்போது பாதையோரமாக ஓர் ஓடை சேர்ந்துகொண்டது. அவள் காதில் பாட்டு மாட்டியிருந்தாள். ஓடை கண்ணில் பட்ட இடத்திலிருந்து அது சிமெண்டுக்குள் நுழையும் இடம் வரை, இரண்டு பாட்டு முடியவில்லை. நின்று திரும்பிப் பார்த்தாள். “இவ்ளோதானா மாமா?” என்றாள்.

கொஞ்சம் மேலே, பாதை ஓடையைக் கடக்கும் இடத்துக்குத் திரும்பி நடந்தோம். ஒரு வாரமாக மழை இல்லை. கற்களுக்கு நடுவில் கைவிரல் அகலத்துக்குத்தான் தண்ணீர். உள்ளங்கை அளவில் ஒரு தட்டைக் கல், லெடாங்கில் அவள் புரட்டியதைப் போலவே. இங்கே புரட்டக்கூடாது, அவளுக்கும் தெரியும். கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்து பார்த்தாள். அப்புறம் கீழே விழுந்து கிடந்த ஓர் இலையைக் காலால் மெல்லத் தள்ளித் தண்ணீரில் விட்டாள். இலை அந்தக் கல்லில் முட்டி நின்றது, ஒரு சுற்றுச் சுற்றியது, பக்கவாட்டில் நழுவியது.

“ஓடுது மாமா” என்றாள்.